படுத்திருப்பவரிடம் முதலில் கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

மலையகத்திலிருந்து வரும் கடிதங்களில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: "இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்." நோயைக் குணமாக்க வழியில்லாமல் போயிருக்கலாம். வலி, புண், குளிர், தாகம், வெட்கம் எல்லாவற்றுக்கும் செய்ய வேண்டியவை அன்றைக்குத்தான் தொடங்குகின்றன. தோட்டத்து லயத்துக் காம்பராவில் (வரிசை வீட்டு அறையில்), ஒரு நாள் பெயரைக்கூட, அதாவது ஒரு நாள் சம்பளத்தைக்கூட, இழக்க முடியாத வீட்டில், அவற்றை எப்படிச் செய்வது என்பதற்கு முதியோர் பராமரிப்பிலும் வலி தணிப்பிலும் பணியாற்றும் வைத்தியரும் தாதியும் இந்த இதழில் பதில் தருகிறார்கள்.

மாமியாருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இரண்டு மாதமாகப் படுக்கை. இப்போது வால் எலும்புக்கு மேலே சிவந்திருக்கிறது. பவுடர் போட்டு எண்ணெய் தேய்க்கச் சொல்கிறார்கள். நானும் கணவரும் காலையில் வேலைக்குப் போனால் மாலை நாலு மணிக்குத்தான் திரும்புவோம். என்ன செய்வது?
— மருமகள், மஸ்கெலியா

தேய்க்காதீர்கள். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கி, அந்த இடத்துக்கு இரத்தம் சரியாகப் போகாமல் இருப்பதன் அடையாளம் அந்தச் சிவப்பு. தேய்த்தால் உள்ளே நொந்திருக்கும் தசை மேலும் கெட்டு, புண் சீக்கிரம் வாய் திறக்கும். பவுடர் வியர்வையோடு கட்டியாகி உராயும்.

சிவந்த இடத்தை விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் இரத்தம் இன்னும் ஓடுகிறது, பாரத்தை எடுத்தாலே ஆறிவிடும். வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கன்றிப்போன நிறத்திலோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். குதிகால், இடுப்பின் பக்க எலும்பு, தோள்பட்டை, முழங்கை, பின்மண்டை, காது மடல் ஆகியவற்றையும் தினமும் உடம்பு துடைக்கும்போது பார்க்க வேண்டும்.

மருந்தைவிட முக்கியமானது திருப்பிப் போடுவது. பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம் என்று மாற்றுங்கள். முழுப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் இடுப்பெலும்பில் பாரம் ஏறும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகி, பாதிச் சாய்வில் வைத்தால் பாரம் சதையுள்ள பிட்டத்தில் தங்கும். இரு முழங்கால்களுக்கும் நடுவே ஒன்று, கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று. குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். தலையணை இல்லையென்றால் மாவுச் சாக்கைக் கழுவிக் காயவைத்து, பழைய துணி திணித்து, மேலே பருத்தித் துணி சுற்றினால் போதும். விழுந்த பக்கத்தில் குறைந்த நேரமே படுக்க வையுங்கள். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் திருப்பவே கூடாது, தோள்மூட்டு இறங்கிவிடும்.

மேலே ஏற்றும்போது அக்குளில் கை கொடுத்து இழுப்பதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. வால் எலும்பின் தோல் மெத்தையில் சிராய்ந்து உரிவது அப்போதுதான். ஒரு பெட்சீட்டை நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை எப்போதும் கீழே விரித்து வையுங்கள். இரண்டு பேர் இரு பக்க ஓரத்தையும் சுருட்டிப் பிடித்துத் தூக்கி நகர்த்தினால் உடம்பு உராயாது. ரப்பர் வளையம், டியூப் போன்றவற்றில் உட்கார வைக்காதீர்கள், நடுப்பகுதிக்கு இரத்தம் போவதை அதுவே தடுக்கும். பிளாஸ்டிக் விரிப்பைத் தோலில் நேரே படவிடாமல் மேலே பருத்திச் சேலை மடித்துப் போடுங்கள்.

வேலை நேரத்துக்கு ஒரு வழி: பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போகுமுன் ஆறு மணிக்கு நீங்கள் திருப்புங்கள். எட்டுக்கும் பத்துக்கும் பக்கத்து வீட்டில் ஓய்வெடுத்து இருக்கும் ஒருவர் திருப்பட்டும். பகல் கொழுந்து நிறுத்துவிட்டுச் சாப்பிட வரும்போது மறுபடி நீங்கள். பிறகு பள்ளிக்கூடம் விட்டு வரும் பெரிய பிள்ளை. நேரத்தையும் பக்கத்தையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, திருப்பியவர் கோடு போடட்டும். இரவில் தோல் நன்றாக இருந்து, மெத்தை நான்கு அங்குல ஸ்பொஞ்சாக இருந்தால் நாலு மணித்தியாலம் விடலாம். திருப்புமுன் ஒவ்வொரு முறையும் "மாமி, இடப்பக்கம் திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். பேச முடியாவிட்டாலும் அவருக்கு விளங்கக்கூடும்.

தோல் உடைந்திருந்தால் அரை லீட்டர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி மூடுங்கள். ஸ்பிரிட், மஞ்சள், சாம்பல் எதுவும் வேண்டாம். சீழ், கறுத்த தோல், காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நாற்றம் வந்தால் சொல்ல வெட்கப்படாதீர்கள். மெட்ரோனிடசோல் குளிசையைப் பொடித்துப் புண்ணில் தூவும் முறை உண்டு, வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள். நாற்றத்தால்தான் பேரப்பிள்ளைகள் கிட்டே வராமல் போகிறார்கள், படுத்திருப்பவருக்கும் அது தெரியும்.

அம்மாவுக்கு 74 வயது. மத்தியானத்துக்குப் பிறகு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இரவில் வெளிக் கக்கூசுக்குப் படியிறங்கிப் போக யாரையும் எழுப்பப் பிடிக்கவில்லையாம்.
— மகன், பொகவந்தலாவை

தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், எழுந்ததும் தலைசுற்றி விழுதல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். "குடிங்க, குடிங்க" என்று வற்புறுத்துவதைவிடக் கக்கூசை அம்மாவிடம் கொண்டுவருவதே வழி.

கைப்பிடி உள்ள உறுதியான கதிரை ஒன்றை எடுத்து, இருக்கையில் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் அகலத்துக்கு ஓட்டை வெட்டுங்கள். வட்டமாக வெட்ட வேண்டும். பிளாஸ்டிக் கதிரையில் சதுரமாக வெட்டினால் மூலையிலிருந்து வெடிப்பு ஓடும். மெல்லிய மலிவுக் கதிரை இதற்கு ஆகாது. விளிம்பைத் தேய்த்து மழுக்கி, தண்ணீர்க் குழாய் ஒன்றை நீளவாக்கில் பிளந்து சுற்றி மாட்டினால் தொடையில் கிழிக்காது. கீழே மூடியுள்ள வாளி, அதில் கொஞ்சம் தண்ணீர். சிமெந்துத் தரையில் கால்கள் வழுக்காமல் இருக்கச் சாக்கு விரியுங்கள். கட்டிலை ஒட்டி, அம்மா கையூன்றி மாறும் தூரத்தில் கதிரை இருக்கட்டும். சுற்றி ஒரு சேலைத் திரை அவசியம். ஒரே அறையில் மருமகனும் பேரனும் படுக்கும் வீட்டில் திரை இல்லாத கதிரையில் அவர் உட்காரவே மாட்டார். எங்கே வைப்பது என்பதை அம்மாவே சொல்லட்டும்.

நாளுக்கு ஆறு முதல் எட்டுக் கோப்பை, பெரும்பகுதியை மாலை ஐந்து மணிக்குள் கொடுங்கள். கஞ்சியும் தேத்தண்ணியும் கணக்கில் சேரும். இருதய, சிறுநீரக நோய்க்காரர் வைத்தியர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும்.

அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய். மோர்பின் கொடுத்திருக்கிறார்கள். "அது கடைசி மருந்து, பழகிவிட்டால் விடாது" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அதனால் தாங்க முடியாமல் கத்தும்போது மட்டும் கொடுக்கிறோம்.
— மகள், ஹப்புத்தளை

கத்தும் வரை காத்திருப்பதால்தான் அந்த மருந்து சரியாகக் கேட்காமல் போகிறது. சாதாரண மோர்பின் ஏறத்தாழ நாலு மணித்தியாலம் வேலை செய்யும். வலி முழுதாகத் திரும்பிய பிறகு கொடுத்தால் அதை அடக்கக் கூடுதல் அளவு தேவைப்படும். எனவே வைத்தியர் எழுதிய நேரத்துக்கு, வலி இல்லாவிட்டாலும், மணி பார்த்துக் கொடுங்கள். இடையில் வலி எழுந்தால் கொடுப்பதற்கான மேலதிக அளவையும் கேட்டு எழுதி வாங்குங்கள். புற்றுநோய் வலிக்கு வைத்தியர் சொன்ன அளவில் எடுப்பவர் போதைக்கு அடிமையாவது மிக அரிது. சரியான அளவு மோர்பின் மரணத்தைச் சீக்கிரமாக்குவதும் இல்லை. வலி குறைந்தவர் தூங்குகிறார், நாலு வாய் சாப்பிடுகிறார், பிள்ளைகளோடு பேசுகிறார்.

பலர் மோர்பினை நிறுத்திவிடக் காரணம் மலச்சிக்கல். மோர்பின் எடுக்கும் காலம் முழுவதும் பேதி மருந்தும் சேர்த்துத் தினமும் எடுக்க வேண்டும். தரவில்லையென்றால் கேளுங்கள். மூன்று நாள் வெளியே போகாவிட்டால் நாலாம் நாளுக்குக் காத்திராதீர்கள். குமட்டலும் மயக்கமும் பெரும்பாலும் முதல் சில நாட்களில் அடங்கிவிடும். நீண்ட நேரம் வேலை செய்யும் வகைக் குளிசையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. 12 மணித்தியால மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். அப்பாவுக்கு விழுங்கக் கஷ்டமாக இருந்தால் திரவ மருந்து கேளுங்கள். எழுப்பியும் கண் திறக்காமல், மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் கீழே போனால் அடுத்த அளவைக் கொடுக்காமல் உடனே 1990 இல் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

வலி எவ்வளவு என்று அப்பாவிடமே கேளுங்கள். வாய்ப் புண்ணால் பேச முடியாதவர் விரலால் காட்டலாம்: விரல் மடக்கியிருந்தால் வலியில்லை, ஐந்தும் விரிந்தால் தாங்க முடியாத வலி. ஒவ்வொரு முறை கொடுக்குமுன்னும் ஒரு மணித்தியாலம் கழித்தும் எத்தனை விரல் என்று கிளினிக் கொப்பியில் எழுதி வந்தால், வைத்தியர் அளவைக் கூட்டிக் குறைக்க அதைவிட நல்ல சான்று இல்லை.

மருந்து உறையில் சிங்களத்தில் மட்டும் எழுதியிருந்தால் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி, தயங்க வேண்டியதில்லை. வாசிக்கத் தெரியாதவர் கொடுக்கும் வீட்டில் சூரியன், சந்திரன் வரைந்து வையுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடும் இடம் உங்களுடையது. கிளினிக் நாளுக்குச் சில நாள் முன்பே மருந்தை எண்ணிப் பாருங்கள், திடீரென்று நின்றால் வலியும் நடுக்கமும் சேர்ந்து வரும். சிகிச்சை மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் நடந்திருந்தால், தொடர்ந்து பதுளையில் பார்க்கக் கடிதம் கேளுங்கள். வலி மருந்துக்காக அந்த உடம்போடு அவ்வளவு தூரம் பஸ்ஸில் போக வேண்டியதில்லை.

ஜனவரிக் குளிரில் தாத்தாவின் அறைக்குள் கரிச்சட்டி வைக்கலாமா?
— பேத்தி, நுவரெலியா

கதவை மூடிக்கொண்டு வைக்கவே கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் எழும்ப மாட்டார். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலிருக்கும் உங்கள் ஊர்க் குளிர் முதியவருக்கு ஆபத்துத்தான். தடித்த ஒரு கம்பளியைவிட மெல்லிய உடுப்பு மூன்று அடுக்கு நல்லது. கம்பளித் தொப்பியும் காலுறையும் இரவிலும் இருக்கட்டும். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில் சுற்றிப் படுக்கையைச் சூடாக்கி, அவர் படுக்கும்போது எடுத்துவிடுங்கள். சீனி வியாதியால் கால் மரத்தவருக்கு வெந்தாலும் தெரியாது.

அம்மாயி விடியற்காலை நாலரைக்கே எழுந்து, "பிரட்டுக்கு நேரமாச்சு, கூடை எங்கே?" என்று சண்டை போடுகிறார். ஓய்வெடுத்து 20 வருடமாகிறது.
— பேரன், தலவாக்கலை

"வேலையெல்லாம் முடிஞ்சு போச்சு" என்று திருத்தாதீர்கள். நாற்பது வருடம் அந்த நேரத்துக்கு எழுந்த உடம்பு அது. ஞாபக மறதி நோயில் புதியவை முதலில் அழியும், பழைய பழக்கம் நிற்கும். "இன்னைக்கு எந்த மலை?" என்று கேளுங்கள், சொல்லட்டும். ஒரு தேத்தண்ணி கொடுத்து, சின்னக் கூடை ஒன்றையும் ஒரு கட்டுக் கீரையையும் முன்னால் வைத்தால் விரல்கள் தாமாக ஆயத் தொடங்கும். ஆய்ந்த கீரையை அன்றைக்குச் சமைத்து, அவர் ஆய்ந்தது என்று சொல்லிப் பரிமாறுங்கள்.

கதவுத் தாழ்ப்பாளைக் கண்ணில் படாத உயரத்துக்கு மாற்றுங்கள், ஆனால் உள்ளே தனியாக விட்டுப் பூட்டாதீர்கள். இரவில் சிறு வெளிச்சம் எரியட்டும். இஸ்தோப்பு (முன்திண்ணை) படிக்கும் கானுக்கும் (வடிகாலுக்கும்) தடுப்புப் போடுங்கள். பெயரும் லயத்து இலக்கமும் எழுதிய துண்டைச் சட்டையில் தைத்து வையுங்கள். கட்டிலில் கட்டிப் போடுவதும், பாமசியில் தூக்கக் குளிசை வாங்கிக் கொடுப்பதும் விழுந்து எலும்பு முறிவதில்தான் முடியும். இந்தத் தடுமாற்றம் இரண்டு மூன்று நாளில் திடீரென்று வந்ததானால் அது வேறு: சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சிறுநீர் கட்டிக்கொள்வது, புது மருந்து ஏதாவது காரணமாயிருக்கும். அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள்.

அப்பாவைப் பார்க்க வேலையை விட்டுவிட்டேன். அண்ணன் வெளிநாட்டில், தம்பி கொழும்பில். இருவரும் போனில் புத்தி சொல்கிறார்கள். சில நேரம் அப்பாவையே ஏசிவிடுகிறேன்.
— மகள், டிக்கோயா

உங்களுக்குத் தூக்கம் வேண்டும், அதுதான் முதல் மருந்து. அண்ணனும் தம்பியும் உங்கள் நாட்சம்பளத்தைக் கணக்கிட்டு மாதம் தவறாமல் அனுப்ப வேண்டும், அது தானமில்லை, அவர்களது பங்கு. தம்பி மாதத்தில் இரண்டு நாள் வந்து இரவு விழித்திருக்கட்டும். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைக் கைவிடக் கூடாது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும்தான் சொல்கிறது. அப்பாவுக்கு முதியோர் அடையாள அட்டை எடுத்திருக்கிறீர்களா? பிரதேச செயலகத்தில் முதியோர் உத்தியோகத்தரைக் கேளுங்கள், உதவித்தொகை, சக்கர நாற்காலி பற்றியும் அங்கேயே விசாரிக்கலாம்.

அம்மாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லக் கூடாது என்கிறார்கள் அண்ணன்மார். அம்மா என்னிடம் "எனக்கு என்ன வருத்தம்?" என்று கேட்கிறார்.
— மகள், பண்டாரவளை

கேட்கிறவருக்குப் பொய் சொல்லாதீர்கள். கேட்டதைவிட அதிகமாகவும் கொட்டிவிடாதீர்கள். "டாக்டர் சொன்னதுல உங்களுக்கு என்ன வெளங்குச்சு அம்மா?" என்று தொடங்குங்கள். பெரும்பாலும் பாதி தெரிந்தே இருக்கும். பிறகு "எல்லாம் தெரிஞ்சுக்க விருப்பமா, இல்ல எங்கக்கிட்ட விட்டுடவா?" என்று கேளுங்கள். விட்டுவிடு என்றால் அதுவும் அவர் முடிவு. தெரிய வேண்டும் என்றால், அண்ணன் ஒருவரும் கூட இருக்க, வைத்தியரையே தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மொழி பெயர்க்கச் சின்னப் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள்.

மறைக்கும் வீட்டில் அம்மா தனியாகிவிடுகிறார். அவர் வந்ததும் பேச்சு நிற்கிறது, அவரும் பயத்தைச் சொல்லாமல் விழுங்குகிறார். தெரிந்துகொண்டவர்தான் தனக்கு வேண்டியதைச் சொல்ல முடியும்: கடைசி நாள் வீட்டிலா ஆஸ்பத்திரியிலா, யாரைப் பார்க்க வேண்டும், மூச்சுக்குழாய் போட்டு இயந்திரத்தில் வைப்பதற்கு விருப்பமா, புதைப்பதா எரிப்பதா, மூக்குத்தி எந்தப் பேத்திக்கு. சொன்னதை ஒரு தாளில் திகதியோடு எழுதி, டயக்னோசிஸ் கார்டோடு (ஆஸ்பத்திரி தரும் நோய் விவர அட்டையோடு) வையுங்கள். நள்ளிரவில் மூச்சு வாங்கும்போது ஆளுக்கொரு முடிவு சொல்லித் தடுமாற வேண்டியிருக்காது. மனம் மாறினால் மாற்றி எழுதலாம்.

கடைசி நேரத்தில் பால் ஊற்றுவது நம் வழக்கம். அப்பாயி இப்போது கண் திறப்பதில்லை. பட்டினி போடுகிறோமோ என்றும் பயம். சேலைன் ஏற்றலாமா?
— பேரன், நாவலப்பிட்டி

பட்டினியால் அவர் சாகவில்லை. உடம்பு அடங்கும்போது பசியும் தாகமும் தாமாகக் குறையும். சாப்பாட்டைச் செரிக்க இயலாத வயிற்றில் திணித்தால் வாந்தியும் உப்புசமும்தான். இந்தக் கட்டத்தில் சேலைனும் பெரும்பாலும் கை கால் வீக்கத்தையும் நெஞ்சுச் சளியையும் கூட்டும்.

விழிப்பாக இருக்கும் நேரம் இருந்தால், நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றே கீழே தாழ்த்தி, தேக்கரண்டியில் பாதி கொடுங்கள். தொண்டை மேலேறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். பிறகு அரை மணித்தியாலம் நிமிர்ந்தே இருக்கட்டும். கண் திறக்காதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றினால் அது வயிற்றுக்குப் போகாது, மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அவர் திணறுவதை நீங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க நேரிடும். வழக்கத்தை விட வேண்டியதில்லை. பஞ்சைப் பாலில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, உதட்டில் தொட்டு வையுங்கள். எத்தனை பேர் வேண்டுமானாலும் அப்படிச் செய்யலாம்.

வாய்தான் இப்போது முக்கியம். பொய்ப்பல் இருந்தால் கழற்றுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, கொதித்தாறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியை விரலில் சுற்றிக் கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கு என்று துடையுங்கள். உதட்டுக்குக் கொஞ்சம் தேங்காயெண்ணெய்.

மூச்சு பத்து, இருபது விநாடி நின்று மறுபடி வரும். கை கால் குளிர்ந்து, முழங்காலில் நீலத் திட்டுகள் தெரியும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். கேட்கிற நமக்கு அது கொடுமை, நினைவிழந்தவருக்குப் பெரும்பாலும் தெரியாது. பக்கவாட்டில் திருப்பித் தலையைச் சற்று உயர்த்தினால் சத்தம் குறையும். லயமே அறைக்குள் கூடிவிடும். கட்டிலருகே இரண்டு மூன்று பேர் போதும், சன்னல் திறந்திருக்கட்டும். காது கடைசி வரை கேட்கக்கூடும். சொத்துப் பேச்சும் சாவீட்டு ஏற்பாடும் வெளியே இஸ்தோப்பில் நடக்கட்டும். அப்பாயியின் கையைப் பிடித்து, வந்திருப்பவர் யார் என்று பெயர் சொல்லுங்கள்.

வீட்டிலேயே இறந்தால் பொலிஸ் பிரச்சினை வருமா?
— வாசகர், பதுளை

நீண்ட நாள் நோயால் வந்த இயற்கை மரணத்துக்குப் பயப்பட வேண்டாம். கிராம சேவகருக்கும், தோட்டத்தில் என்றால் தோட்ட ஆபீசுக்கும் அன்றைக்கே சொல்லுங்கள். தோட்டத்தில் நடக்கும் மரணத்தைப் பதிவுக்காக அறிவிக்கும் பொறுப்பு தோட்ட அத்தியட்சகருக்கு உண்டு. கிளினிக் கொப்பியும் டயக்னோசிஸ் கார்டும் கையில் இருந்தால் நோய் என்னவென்பதில் சந்தேகம் வராது. உயிர் போன பிறகு பதறி உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினால்தான் மரண விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் வர வாய்ப்புண்டு. விழுந்தது, வெந்தது போன்ற காயம் காரணமாயிருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும், அதற்கு விசாரணை உண்டு.

பதிவு செய்யும்போது இறந்தவரின் தேசிய அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். பெயரின் எழுத்துகள் அட்டையில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பதிவாளர் முன்னாலேயே ஒவ்வொன்றாக வாசித்துப் பாருங்கள். ஒரு ஆவணத்தில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் பெயர் விழுந்திருப்பதால், ஊழியர் சேமலாப நிதிக்கும் சர்வீஸ் காசுக்கும் (பணிக்கொடைக்கும்) அலையும் குடும்பங்கள் மலையகத்தில் நிறைய. மரணச் சான்றிதழில் நாலைந்து பிரதிகளை அப்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.